ஆய்வகத்திலிருந்து ஊர்வரை

நுழையும்முன்

ஓர் உண்மையை ஆய்வகத்தில் கண்டறிவது ஒரு பணி. அதனை மருந்தாக்கி, அஞ்சி நிற்கும் ஓர் ஊரின் வாயிற்படிவரை கொண்டுசேர்ப்பது வேறொரு பணி. முன்னதற்கு நுண்ணறிவு வேண்டும். பின்னதற்குப் பழகிய கைகள் பல வேண்டும். காலராவுக்கும் பிளேக்குக்கும் தடுப்புமருந்து கண்ட வால்டெமர் ஹாஃப்கின் இவ்விரு பணிகளையும் இந்திய மண்ணில் செய்தார். அவர் பெற்ற பயிற்சியையும், பிறரைப் பழக்கிய விதத்தையும், ஓர் இடுக்கி கைநழுவியதால் அவர் இழந்தவற்றையும் இப்பாடம் கூறுகிறது.

பேதியும் பொருநையும்

நெல்லைச் சீமையின் பேச்சுவழக்கில் பேதியில் போவான், கொள்ளையில் போவான் என்னும் வசவுகள் இன்றும் வழங்குகின்றன. பேரனைப் பார்த்துப் பாட்டி சினந்தும் அவ்வாறு சொல்வாள், கொஞ்சியும் சொல்வாள். சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் அச்சொற்களின் பின்னே கிடக்கும் அச்சம் மறந்துபோயிற்று. பேதி என்றது வாந்திபேதியாகிய காலராவை. கொள்ளை என்றது ஊரையே வாரிக்கொண்டு போகும் தொற்றுநோய்களை. காலையில் நலமாக வயலுக்குச் சென்றவர் மறுநாள் விடியுமுன் உடலின் நீரெல்லாம் வற்றி இறந்துபோன காலம் ஒன்று இருந்தது. வசைமொழியாக நிலைத்துவிடும் அளவுக்கு அந்நோய் மக்களை வாட்டியது.

பொதிகையில் பிறந்து, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணியின் கரையில் பாபநாசம் தொடங்கிக் குறுக்குத்துறை, திருவைகுண்டம் எனப் படித்துறைகள் பல. குளிப்பதும் துணி துவைப்பதும் குடிநீர் முகப்பதும் பெரும்பாலும் அடுத்தடுத்த படிகளிலேயே நிகழ்ந்தன. அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் அதே நீரைக் குளங்களுக்கும் வயல்களுக்கும் கொண்டுசென்றன. காலரா நோயாளியின் கழிவு ஓரிடத்தில் நீரில் கலந்தால், அதே நீரைக் குடிக்கும் கீழூர்களுக்கும் நோய் பரவ வழி திறந்துவிடும். ஊரை வாழவைக்கும் நீரே நோயைச் சுமந்து வரும் என்று நம்புவது எவர்க்கும் எளிதன்று. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் பசியால் மாண்டோரோடு காலராவால் மாண்டோரும் மிகப் பலர்.

1884இல் செருமானிய அறிஞர் இராபர்ட் கோக் கல்கத்தாவில் இருந்த குளம் ஒன்றின் நீரில் காற்புள்ளிபோல் வளைந்த காலராக் கிருமியைக் கண்டார். பகை எது என்பது தெரிந்துவிட்டது. அதனை எதிர்க்க உடலை ஆயத்தம் செய்வது எப்படி என்பது தெரியவில்லை. அவ்வினாவுக்கு விடைதேடி ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் கல்கத்தாவில் வந்திறங்கியவர் ஒரு மருத்துவர் அல்லர், விலங்கியல் கற்றவர்.

ஆசானும் மாணவரும்

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச்சு 15 அன்று, அக்காலத்து உருசியப் பேரரசைச் சேர்ந்த ஒடெசா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அந்நகரம் உக்ரைன் நாட்டில் உள்ளது. 1879இல் ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அவருக்கு வாய்த்த ஆசிரியர் இலியா மெச்னிகோவ். ஆசிரியர் ஒருவர் மாணவரின் வாழ்நாள் முழுவதையும் திருப்பிவிடக்கூடும் என்பதற்கு இவ்விருவரின் உறவு சான்று.

1882இல் இத்தாலியின் மெசினா நகரில் கடற்கரையோரம் தங்கியிருந்த மெச்னிகோவ், நட்சத்திரமீனின் ஒளியூடுருவும் இளவுயிரி ஒன்றினுள் சிறு முள்ளைச் செருகினார். மறுநாள் பார்த்தபோது நகரும் உயிரணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. உடலுக்குள் புகும் அயற்பொருளை விழுங்கி அழிக்கும் காவல் உயிரணுக்கள் உண்டு என்னும் கருத்து அந்த எளிய சோதனையில் முளைத்தது. நோய்த்தடுப்பியல் என்று இன்று நாம் பயிலும் துறையின் அடித்தளங்களுள் அதுவும் ஒன்று. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடல் வெறும் போர்க்களம் அன்று, அதுவே போர்வீரனும் ஆகும் என்னும் அந்தப் பார்வையை ஹாஃப்கின் தம் ஆசானிடமிருந்து பெற்றார்.

ஒடெசாவில் 1881இல் யூதர்களுக்கு எதிரான வன்முறை வெடித்தது. தம் மக்களைக் காக்க அமைந்த தற்காப்புக் குழுவில் சேர்ந்த ஹாஃப்கின் காயமுற்றுச் சிறைப்பட்டார். மெச்னிகோவ் தலையிட்டதால் விடுதலை கிடைத்தது. பட்டம் பெற்ற பின்னரும் யூதர் என்பதால் பல்கலைக்கழகப் பணி அவருக்கு மறுக்கப்பட்டது. மதம் மாறினால் கதவு திறக்கும் என்ற நிலை இருந்தும் அவர் மாறவில்லை. ஒடெசா விலங்கியல் அருங்காட்சியகத்தில் சிலகாலம் பணியாற்றி, 1888இல் சுவிட்சர்லாந்து சென்று ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் உதவியாளராக இருந்தார். அடுத்த ஆண்டு பாரிசில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தை அடைந்தார். மெச்னிகோவ் ஏற்கெனவே அங்கிருந்தார். ஆனால், ஆய்வாளர் இடம் ஒன்றும் காலியாக இல்லை. இருந்தது நூலக உதவியாளர் வேலை மட்டுமே.

அதனை ஏற்றுக்கொண்டார். நூல்களை அடுக்கும் வேலைக்கு இடைப்பட்ட பொழுதுகளில் ஆய்வகத்தில் நின்றார். நுண்ணுயிரியை வளர்த்தல், தூய்மை கெடாமல் ஒரு குடுவையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல், கருவிகளை அனலில் வாட்டுதல் ஆகிய கைப்பழக்கங்கள் அங்கே அவருக்கு வந்தன. வளமான பதவியில் தொடங்கும் ஆய்வுவாழ்க்கையே சிறக்கும் என்று எண்ணுவோர், நூலகப் படிக்கட்டில் தொடங்கிய இவ்வாழ்க்கையை நினைத்துப்பார்க்கலாம். ஓய்வில் வயலின் வாசிப்பது அவர் வழக்கம்.

தன் உடலே முதல் களம்

காலராக் கிருமியைக் கினிப்பன்றி ஒன்றின் வயிற்றறையில் செலுத்தி, அதிலிருந்து எடுத்து அடுத்ததனுள் செலுத்தி, இவ்வாறு 39 முறை மாற்றியதும் அதன் வீரியம் பன்மடங்கு பெருகியதை ஹாஃப்கின் கண்டார். மறுபுறம், வெப்பத்தில் வளர்த்து வீரியம் குறைந்த கிருமியையும் உருவாக்கினார். முதலில் வீரியம் குறைந்ததையும் சில நாள் கழித்து வீரியம் மிகுந்ததையும் செலுத்தினால், விலங்கு காலராவைத் தாங்கி நின்றது.

விலங்கில் மெய்யானது மனிதரிலும் மெய்யாகுமா? 1892ஆம் ஆண்டு சூலை 18 அன்று அவர் அதனைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் வந்து தணிந்தன. அடுத்து அவருடைய உருசிய நண்பர்கள் சிலர் முன்வந்தனர். மருந்து மனிதருக்குத் தீங்கு செய்யவில்லை என்பது உறுதியாயிற்று. அது நோயைத் தடுக்கிறதா என்பதை மட்டும் பாரிசில் அமர்ந்து அறிய இயலாது. நோய் வாழும் இடத்துக்கே சென்றாக வேண்டும். தாய்நாடான உருசியா அவரை ஏற்கவில்லை. பாரிசில் பிரித்தானியத் தூதராக இருந்தவரும், முன்னர் இந்தியாவின் அரசப் பிரதிநிதியாக விளங்கியவருமான டஃபரின் பிரபு இந்தியாவுக்குச் செல்லும் வழியைக் காட்டினார். 1893 மார்ச்சில் ஹாஃப்கின் கல்கத்தாவை அடைந்தார்.

இங்கே நிறுத்திச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. ஊசி போட்டுக்கொண்ட ஆயிரம் பேருக்கு நோய் வரவில்லை என்றால், அது ஊசியின் பயன் என்று எப்படிச் சொல்வது? அந்த ஊரில் அவ்வாண்டு நோயே வராமல் இருந்திருக்கலாம் அல்லவா? வட இந்தியாவெங்கும் சுற்றி ஊசி போட்ட முதலாண்டில் ஹாஃப்கினைத் துன்புறுத்திய வினா இதுவே. ஒரே இடத்தில், ஒரே நீரைக் குடித்து, ஒரே வகையில் வாழ்வோருள் போட்டுக்கொண்டோரையும் போட்டுக்கொள்ளாதோரையும் ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும்.

அவ்வாய்ப்பு 1894 மார்ச்சில் அமைந்தது. கல்கத்தா நகர நலவாழ்வு அலுவலர் சிம்சன், காலரா தோன்றிய கட்டல் பாகான் என்னும் குடிசைப் பகுதிக்கு அவரை அழைத்தார். சௌத்ரி, கோஷ், சாட்டர்ஜி, தத் முதலிய இந்திய மருத்துவர்கள் ஹாஃப்கினுடன் சேர்ந்து உழைத்தனர். அரசின் ஆள் என்றும் அயலார் என்றும் ஐயுற்ற மக்கள் எளிதில் இணங்கவில்லை. அவர்கள் காண ஹாஃப்கின் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அப்பகுதியில் வாழ்ந்த ஏறத்தாழ 200 பேருள் 116 பேர் முன்வந்தனர். அதன்பின் அங்கே பத்துப் பேருக்குக் காலரா கண்டது, எழுவர் இறந்தனர். அந்தப் பத்துப் பேருமே ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள்.

எண்ணிக்கை சிறியதுதான். ஆயினும், ஆய்வு எவ்வாறு ஊருக்குள் இறங்கவேண்டும் என்பதைக் காட்ட அது போதுமானதாக இருந்தது. ஊசி போடுவதைவிடப் பதிவேட்டை எழுதுவதும், போட்டுக்கொள்ளாதவரையும் மறவாமல் மீண்டும் சென்று காண்பதும் கடினமான வேலை. மொழியறியாத ஹாஃப்கினால் அதனைத் தனியே செய்திருக்க இயலாது. மக்களோடு பேசி, வீடுவீடாக நுழைந்த அந்த வங்காள மருத்துவர்கள் செய்த பணியை அவர் பெயரோடு சேர்த்தே நினைக்கவேண்டும். அறிவியல் வரலாறுகள் பெரும்பாலும் இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

பின்னர் அவர் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே பணியாற்றினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் 42,000 பேருக்குமேல் ஊசி போடப்பட்டது. தேயிலைக்கும் தொற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைத் தென்பாண்டி மக்களும் அறிவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறச் சென்ற கூலித் தொழிலாளர்கள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறை முகாமில் நோய்க்கண்காணிப்பில் வைக்கப்பட்ட பின்னரே பயணத்தைத் தொடர முடிந்தது. கூட்டமாக மனிதர்களை இடம்பெயர்த்தால், கிருமியும் உடன்பயணம் செய்யும் என்பதை அரசு பட்டுணர்ந்திருந்தது.

பம்பாயில் ஓர் அறை

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் தோன்றியது. மக்கள் நகரைவிட்டு ஓடினர். மலேரியாவால் நலிந்து ஐரோப்பா சென்று மீண்டிருந்த ஹாஃப்கினை அரசு பம்பாய்க்கு அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் தரப்பட்டன. ஓர் எழுத்தரும் மூன்று ஏவலர்களுமே உதவிக்கு இருந்தனர்.

பிளேக் கிருமியைப் பெருமளவில் வளர்க்க அவர் கண்ட வழி நம் அடுக்களையோடு தொடர்புடையது. குடுவையில் உள்ள இறைச்சிச்சாற்றின்மேல் சில துளி நெய்யை மிதக்கவிட்டார். நெய்த்துளியைப் பற்றிக்கொண்ட கிருமிகள், குகைக் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைப்போலக் கீழ்நோக்கி வளர்ந்தன. குடுவையை அசைத்தால் அவை அடியில் படியும். மேலே புதிய விழுதுகள் தோன்றும். இவ்வாறு சில வாரங்கள் வளர்த்து, பின் வெப்பத்தால் அவற்றைக் கொன்றார். காலராவுக்கு உயிருள்ள கிருமியைப் பயன்படுத்தியவர், பிளேக்குக்கு உயிரற்ற கிருமியைத் தேர்ந்தார். இறந்த கிருமியின் உருவை அறிந்துகொண்ட உடல், உயிருள்ள கிருமி வரும்போது விரைந்து எதிர்க்கும் என்பது அம்முறையின் அடிப்படை.

1897 சனவரி 10 அன்று, கல்லூரி முதல்வரின் முன்னிலையில், பிறருக்குத் தர எண்ணிய அளவைவிட மிகுதியாகத் தம் உடலில் செலுத்திக்கொண்டார். கடுங்காய்ச்சல் வந்தது, தணிந்தது. அம்மாத இறுதியில் பைகுல்லாச் சிறைச்சாலையில் பிளேக் புகுந்தது. ஊசி போட்டுக்கொள்ள இசைந்த கைதிகள் 147 பேர். அவர்களுள் இருவருக்கே நோய் கண்டது, இருவரும் பிழைத்தனர். போட்டுக்கொள்ளாத 172 பேருள் பன்னிருவருக்கு நோய் கண்டது, அறுவர் இறந்தனர். இக்கைதிகள் தாமே முன்வந்தவர்கள் என்று பதிவாகியுள்ளது. எனினும், சிறைக்குள் இருப்பவரின் இசைவை முழுமையான இசைவாகக் கொள்ள இன்றைய ஆய்வு நெறிமுறைகள் தயங்கும். அத்தயக்கம் சரியானதே.

அக்காலத்தில் அரசு மேற்கொண்ட பிளேக் நடவடிக்கைகள் கொடுமையாக இருந்தன. படைவீரர்கள் வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்டனர், நோயாளிகளை இழுத்துச்சென்றனர். புனேயில் அப்பணிக்குத் தலைமையேற்ற இராண்ட் என்னும் அலுவலர் 1897 சூனில் சுடப்பட்டார். ஹாஃப்கினின் ஊசியோ விருப்பமுள்ளவர்க்கு மட்டுமே போடப்பட்டது. இருபதாம் அகவையை எட்டாத ஆகாகான் தம் மக்கள் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டு, கோஜா சமூகத்தாரைத் தூண்டினார். ஆய்வகத்துக்கு இடமும் அளித்தார்.

பரேல்

தேவை பெருகவே ஓர் அறை போதவில்லை. 1899ஆம் ஆண்டு ஆகத்து 10 அன்று, பம்பாயின் பரேல் பகுதியில் இருந்த பழைய ஆளுநர் மாளிகையில் பிளேக் ஆய்வகம் திறக்கப்பட்டது. ஆளுநர்கள் வாழ்ந்த கூடங்களில் குடுவைகள் வரிசையாக நின்றன. அதே ஆண்டில், சென்னைக்கு அருகே கிண்டியில் பெரியம்மைப் பால் தயாரிக்கும் நிலையமும் தோன்றியது. அதுவே பின்னர்க் கிங் நிறுவனம் எனப் பெயர்பெற்று, திருநெல்வேலி உள்ளிட்ட மாகாணம் முழுமைக்கும் தடுப்புமருந்து வழங்கியது.

ஒரு மேதை தம் கையால் செய்யும் பத்துக் குடுவைக்கும், ஒரு நாட்டுக்காகச் செய்யும் இலட்சம் குப்பிக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. பத்துக் குடுவையை மேதையின் கவனம் காக்கும். இலட்சம் குப்பியைப் பெயரறியாத பலரின் பழக்கமே காக்கவேண்டும். சாறு காய்ச்சுதல், வளர்த்தல், வேறு கிருமி கலந்ததா என ஒவ்வொரு குடுவையையும் சோதித்தல், சூடேற்றிக் கொல்லுதல், குப்பியில் நிரப்புதல், அடைத்தல், எண்ணிடுதல் என ஒவ்வொரு படியிலும் ஒரு கை பிழைத்தால் மருந்து நஞ்சாகும். பாரிசில் தாம் பெற்ற பழக்கத்தைப் பரேலில் பிறர் கைகளுக்கு மாற்றுவது ஹாஃப்கினின் அன்றாடப் பணியாயிற்று. குப்பி பரேலைவிட்டு வெளியேறிய பின்னரும் அப்பழக்கம் தொடரவேண்டும். தொலைவில், ஏதோ ஓர் ஊரில் குப்பியின் தக்கையைத் திறக்கும் உதவியாளர்வரை அது சென்றுசேரவேண்டும்.

அங்கேதான் நூல் அறுந்தது.

முல்கோவால்

1902இல் பஞ்சாபில் பிளேக் கடுமையாகப் பரவியது. இலட்சக்கணக்கில் மருந்து கேட்டனர். உற்பத்தியை விரைவுபடுத்த, மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்க்கும் வழக்கத்தை விடுத்து, பாஸ்டர் நிறுவனத்தில் பின்பற்றப்பட்டதைப்போல வெப்பத்தை மட்டுமே ஹாஃப்கின் நம்பினார். அக்டோபர் 30 அன்று முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரு வாரம் கழித்து, அவர்களுள் 19 பேருக்குத் தாடை இறுகி உடல் வில்லாய் வளையும் இரணஜன்னி கண்டது. பத்தொன்பது பேரும் இறந்தனர். அனைவரும் 53 என் என்று எண்ணிட்ட ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்றவர்கள்.

பத்தொன்பது உயிர் என்பது ஒரு சிற்றூருக்கு எத்தகைய இழப்பு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நலமாக இருந்தவர்கள் அவர்கள், நம்பிக் கைநீட்டியவர்கள். யார் பிழை என்று ஊர் கேட்டதில் குற்றமில்லை.

விசாரணைக் குழு, பரேலில் நிரப்பும்போதே குப்பி மாசுபட்டது என்று முடிவுகட்டியது. கார்பாலிக் அமிலத்தை விடுத்ததே காரணம் என்றனர். ஹாஃப்கின் பதவியிழந்து நாட்டைவிட்டு நீங்கினார். அவர் மருத்துவப் பட்டம் பெறாதவர், உருசியர், யூதர் என்னும் மூன்றும் ஆட்சியில் இருந்தோரின் உள்ளத்தில் ஏற்கெனவே நெருடிக்கொண்டிருந்தவை. தீர்ப்பு அத்துணை விரைவாக வந்ததற்கு அவையும் காரணமாயிருக்கும் என்று கருத இடமுண்டு.

விசாரணையின் ஏடுகளுக்குள்ளேயே வேறொரு செய்தி கிடந்தது. முல்கோவாலில் குப்பியைத் திறக்க முற்பட்ட உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி மண்ணில் விழுந்தது. அதனை நெருப்பில் வாட்டாமல், கார்பாலிக் நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு, அதைக்கொண்டே தக்கையைத் திறந்தார். இரணஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணில் வாழ்பவை. கார்பாலிக் நீரில் சிறிது நேரம் நனைந்தால் சாகாதவை. இச்சாட்சியம் அடங்கிய ஏடுகள் 1906வரை வெளியுலகுக்குத் தெரியவில்லை.

அதன்பின் அறிஞர்கள் எழுதத் தொடங்கினர். மலேரியாவைக் கொசு பரப்புவதைச் செகந்தராபாதில் கண்டறிந்த உரொனால்டு இராஸ் முன்னின்றார். கல்கத்தாவில் உடனிருந்த சிம்சனும் வாதாடினார். அவர்கள் வாதம் எளியது. குப்பி நிரப்பப்பட்டது முல்கோவால் நிகழ்வுக்கு 41 நாள் முன்பு. அப்போதே கிருமி புகுந்திருந்தால் அத்தனை நாளும் வளர்ந்து, குப்பியில் தீநாற்றம் எழுந்திருக்கும். திறந்தபோது அத்தகைய நாற்றம் இல்லை. மேலும், குப்பிக்குள் நஞ்சு முன்பே திரண்டிருந்தால், நோய்க்குறி ஒரு வாரம் காத்திராமல் விரைவிலேயே தோன்றியிருக்கும். எனவே, கிருமி புகுந்தது அன்றுதான், அங்கேதான். 1907இல் பத்து அறிஞர்கள் கையொப்பமிட்ட மடல் இலண்டன் செய்தித்தாளில் வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியில் அரசு ஹாஃப்கின்மீது சுமத்திய பழியை நீக்கியது.

பழியை உதவியாளரின் தலையில் மாற்றிவைப்பது எளிது. ஆனால், அவருக்கு அந்த நொடியில் தெரியவேண்டியிருந்தது ஒன்றே: துடைத்தல் வேறு, வாட்டுதல் வேறு. அதைக் கேள்வியாக அன்றிக் கைப்பழக்கமாக அவருக்கு எவரும் ஊட்டியிருக்கவில்லை. மருந்தை இலட்சக்கணக்கில் பெருக்கிய அரசு, அதனைக் கையாளும் மனிதரை அதே வேகத்தில் பயிற்றுவிக்கவில்லை. இன்று திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்திலும், நாட்டின் எந்த ஆய்வகத்திலும், முதன்முதலாக நுழையும் மாணவர் கற்பது கம்பிவளையத்தைச் செந்தணலாகும்வரை வாட்டி, ஆறவிட்டு, பின் கிருமியைத் தொடும் பயிற்சியே. தொட்டபின் மீண்டும் வாட்டவேண்டும். நூறுமுறை செய்யவைப்பார்கள். சலிப்பூட்டும் பயிற்சிதான்.

பின்னாள்கள்

பழி நீங்கிய பின்னர் ஹாஃப்கின் இந்தியாவுக்குத் திரும்பினார். பரேலில் அவர் இடத்தில் வேறொருவர் இருந்தார். அவருக்குக் கல்கத்தாவில் இடம் தரப்பட்டது. பேரளவிலான களப்பணி எதுவும் மீண்டும் அவர் கைக்கு வரவில்லை. 1914இல் ஓய்வுபெற்று ஐரோப்பா சென்றார். திருமணம் செய்துகொள்ளாதவர். இளமையில் விலகியிருந்த தம் சமய வாழ்வில் இறுதிக்காலத்தில் ஆழ்ந்தார். 1930ஆம் ஆண்டு அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். தம் செல்வத்தைக் கிழக்கு ஐரோப்பாவின் யூதக் கல்விக்கூடங்களில் பயிலும் இளையோருக்கென எழுதிவைத்திருந்தார்.

அவர் கண்ட மருந்துகள் நிறைவானவை அல்ல. காலரா ஊசி தந்த காப்பு குறுகிய காலமே நின்றது. காலப்போக்கில் அது கைவிடப்பட்டது. நோயை உண்டாக்குவது கிருமி சுரக்கும் நஞ்சே என்பதை 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் தே மெய்ப்பித்த பின்னர், வாய்வழித் தடுப்புமருந்துகளுக்கான ஆய்வு புதுத்திசையில் சென்றது. பிளேக் மருந்தும் நோயை முற்றிலும் தடுத்துவிடவில்லை. இறப்பைப் பெரிதும் குறைத்தது. இந்தியாவில் பிளேக்கால் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்ட காலத்தில் அக்குறைவு சிறிதன்று. 1897 முதல் 1925 வரை பம்பாயிலிருந்து 2 கோடியே 60 இலட்சம் அளவு மருந்து வெளியே சென்றது.

1925இல் பரேல் ஆய்வகத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் எனப் பெயரிடப்பட்டது. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, சாகிப் சிங் சோகி அதன் முதல் இந்திய இயக்குநரானார். அவர் காலத்தில் தடுப்புமருந்துகளோடு நச்சுமுறி மருந்துகளும் பிற மருந்துகளும் அங்கே உருவாயின. பட்டமேற்படிப்பு மாணவர்கள் ஆய்வுக்கென அங்கே வரத் தொடங்கினர். 1964இல் இந்திய அரசு ஹாஃப்கினின் உருவம் பொறித்த அஞ்சல்தலை ஒன்றை வெளியிட்டது.